இப்னு ருஷ்த் மதச்சார்பின்மையின் தந்தையா? இஸ்லாமிய மெய்யியலும் நவீன அரசும்

பாகிஸ்தானில் ஒரு மத நிந்தனை வழக்கு, ஐரோப்பாவில் ஒரு ஹிஜாப் தடை என்று செய்தி வரும்போதெல்லாம் இரண்டு வாதங்கள் தவறாமல் கிளம்புகின்றன. "ஐரோப்பாவில் நடந்த அறிவொளி இயக்கம் இஸ்லாத்தில் நடக்கவில்லை. கஸ்ஸாலி அன்றைக்கே மெய்யியலைக் கொன்றுவிட்டார்" என்கிறது ஒரு தரப்பு. "ஐரோப்பாவுக்குப் பகுத்தறிவு சொல்லிக்கொடுத்ததே இப்னு ருஷ்த்தான்" என்கிறது மறுதரப்பு. (கஸ்ஸாலி 11-ஆம் நூற்றாண்டின் மார்க்க அறிஞர், இப்னு ருஷ்த் 12-ஆம் நூற்றாண்டின் மெய்யியலாளர்.) எதிரெதிராகத் தெரியும் இந்த இரண்டுக்கும் அடியில் ஒரே நம்பிக்கைதான் இருக்கிறது: மெய்யியல் செழித்தால் மதச்சார்பற்ற அரசு தானாக வரும், மெய்யியல் வாடினால் அது வராது.

வரலாறு அப்படிப் போகவில்லை. பகுத்தறிவை உயர்த்திப் பிடித்த ஓர் ஆட்சி மக்களின் நம்பிக்கையைச் சாட்டையால் திருத்தப் பார்த்திருக்கிறது. மெய்யியலைக் கண்டித்த ஒருவர் வானியலுக்காக வாதாடியிருக்கிறார். குழப்பம் தீர, முதலில் கேள்விகளைப் பிரித்துக்கொள்ள வேண்டும்.

ஒன்றாகக் கலந்துவிட்ட மூன்று கேள்விகள்

1. இறைச்செய்தியின் துணை இல்லாமல், மனித அறிவு தன் சொந்தப் பலத்தில் உண்மையை எட்ட முடியுமா? இது அறிவு பற்றிய கேள்வி.

2. மார்க்கத்தில் எது சரி, எது பிழை என்று சொல்லும் அதிகாரம் யாருக்கு? ஆட்சியாளருக்கா, அறிஞர்களுக்கா, ஒவ்வொரு நம்பிக்கையாளருக்குமா?

3. நம்பிக்கை சார்ந்த விஷயத்தில் அரசு எதைக் கட்டாயப்படுத்தலாம்?

இன்றைக்கு மதச்சார்பின்மை என்ற சொல் இந்த மூன்றுக்கும் சேர்த்துப் பயன்படுகிறது. கடவுள் இல்லாமலே உலகை விளக்க முடியும் என்று சொல்பவரும் மதச்சார்பற்றவர். தினமும் ஐந்து வேளை தொழுதுகொண்டே அரசு மதத்தில் தலையிடக் கூடாது என்று சொல்பவரும் மதச்சார்பற்றவர். முன்னவர் பேசுவது முதல் கேள்வியை. பின்னவர் பேசுவது மூன்றாவதை. ஒன்றுக்குச் சொன்ன பதில் மற்றொன்றுக்குப் பொருந்த வேண்டிய அவசியமே இல்லை.

இன்னும் மூன்று சொற்கள் தேவை. கிரேக்க மெய்யியலை, குறிப்பாக அரிஸ்டாட்டிலை, அரபியில் தொடர்ந்து வளர்த்த மரபுக்கு ஃபல்சஃபா என்று பெயர். கிந்தி, ஃபாராபி, இப்னு சீனா ஆகியோர் இந்த மரபினர். இறைநம்பிக்கையைத் தர்க்கத்தால் நிலைநாட்டும் துறை கலாம். முஃதஸிலா, அஷ்அரி என்பவை அதன் முக்கியப் பிரிவுகள். குர்ஆனிலிருந்தும் நபிமொழியிலிருந்தும் நடைமுறைச் சட்டத்தை வருவிக்கும் துறை ஃபிக்ஹ். இஸ்லாமியச் சிந்தனை என்று பொதுவாகச் சொல்லும்போது இந்த மூன்றும் ஒன்றாகிவிடுகின்றன. ஆனால் இவற்றுக்குள் நடந்த சண்டைதான் நம் கதை.

கஸ்ஸாலி எதை மறுத்தார், எதை மறுக்கவில்லை

பக்தாதின் நிஜாமிய்யா கல்விக்கூடத்தில் பேராசிரியராக இருந்த அபூ ஹாமித் அல்-கஸ்ஸாலி 1095-ல் மெய்யியலாளர்களுக்கு எதிரான தன் புகழ்பெற்ற நூலை முடித்தார். 'தஹாஃபுத் அல்-ஃபலாசிஃபா' என்பது அதன் பெயர். அதில் இருபது பிரச்சினைகளை எடுத்துக்கொள்கிறார். பதினேழில் மெய்யியலாளர்கள் தவறு செய்கிறார்கள் என்பதோடு நிறுத்திக்கொள்கிறார். மூன்றில் மட்டும் அவர்கள் இறைமறுப்புக்குப் போய்விட்டதாகத் தீர்ப்பளிக்கிறார்: உலகத்துக்குத் தொடக்கம் இல்லை என்றது, இறைவன் பொதுவானவற்றை மட்டுமே அறிவான், தனித்தனி நிகழ்வுகளை அப்படியே அறிவதில்லை என்றது, மறுமையில் உடலோடு எழுப்பப்படுவதை மறுத்தது.

அதே நூலின் முன்னுரையை இந்த விவாதத்தில் யாரும் எடுத்துக்காட்டுவதில்லை. கிரகணம் ஏன் நிகழ்கிறது என்று வானியலாளர்கள் கணக்குப் போட்டு நிறுவியதை மார்க்கத்தின் பெயரால் எதிர்ப்பவர், மார்க்கத்துக்கே தீங்கு செய்கிறார் என்கிறார் கஸ்ஸாலி. தர்க்கத்தையும் அவர் ஒதுக்கவில்லை. ஃபிக்ஹின் அடிப்படைகள் பற்றிய பிற்கால நூலொன்றில் தர்க்கத்தையே முன்னுரையாக வைத்தார்.

அவருடைய கூர்மையான தாக்குதல், காரண காரியத் தொடர்பு பற்றியது. நெருப்பு பட்டதும் பஞ்சு எரிகிறது. நாம் பார்ப்பது நெருப்பு படுவதையும் பஞ்சு எரிவதையும் மட்டுமே. நெருப்பினால்தான் எரிந்தது, எரிந்தே தீர வேண்டும் என்ற கட்டாயத்தை யாரும் கண்ணால் பார்த்ததில்லை என்கிறார். 18-ஆம் நூற்றாண்டில் ஸ்காட்லாந்தின் டேவிட் ஹியூம் இதற்கு மிக நெருக்கமான ஒரு வாதத்தை வைத்தார். கஸ்ஸாலிக்கு அது இறைவனின் விருப்பத்துக்கு இடம் தரும் வாதம், ஹியூமுக்கு மனித அறிவின் வரம்பைக் காட்டும் வாதம். ஒரே தர்க்கம் பக்திக்கும் போகிறது, ஐயத்துக்கும் போகிறது. மெய்யியல் தானாக ஒரு திசையில்தான் ஓடும் என்று நினைப்பவர்கள் இதைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும்.

கஸ்ஸாலிக்குப் பிறகு மெய்யியல் செத்தது என்பதும் சரியில்லை. நஸீருத்தீன் தூஸி 1259-ல் ஈரானின் மராகாவில் வான்நோக்ககம் அமைத்தார். இப்னு சீனாவுக்கு உரையும் எழுதினார். 17-ஆம் நூற்றாண்டில் ஈரானில் முல்லா சத்ரா ஒரு புதிய மெய்யியல் அமைப்பையே கட்டினார்.

இப்னு ருஷ்தின் பதில்

குர்துபாவில் (இன்றைய ஸ்பெயினின் கோர்டோபா) 1126-ல் பிறந்த இப்னு ருஷ்த் ஒரு காழி, அதாவது ஷரீஅத் நீதிபதி. பரம்பரைச் சட்ட அறிஞர் குடும்பம். அப்பகுதியை ஆண்ட முவஹ்ஹிதூன் வம்சக் கலீஃபாவின் மருத்துவராகவும் இருந்தவர். கஸ்ஸாலிக்கு மறுப்பாக 'தஹாஃபுத் அல்-தஹாஃபுத்' எழுதினார். ஆனால் நம் விஷயத்துக்கு முக்கியமானது அவருடைய சிறிய நூலான 'ஃபஸ்ல் அல்-மகால்'. நூல் தொடங்கும் விதமே அலாதி. மெய்யியல் படிப்பது ஷரீஅத்தின்படி அனுமதிக்கப்பட்டதா, தடுக்கப்பட்டதா, கடமையா? ஒரு காழி ஃபத்வா கொடுக்கும் முறையில் கேள்வியை வைக்கிறார். படைப்பைச் சிந்தித்துப் பாருங்கள் என்று குர்ஆனே ஏவுகிறது. சிந்தனையின் முழுமையான வடிவம் நிரூபணம். ஆகவே தகுதியுள்ளவர்களுக்கு அது கடமை என்று முடிக்கிறார். கிரேக்கர்கள் நம் மார்க்கத்தினர் இல்லையே என்ற ஆட்சேபத்துக்கும் பதில் வைத்திருந்தார்: பலி கொடுக்கும் கருவி முறையாக இருந்தால் போதும், அது யாருடையது என்று பார்ப்பதில்லை.

அவருடைய மையக் கொள்கை, உண்மை உண்மைக்கு முரணாகாது என்பது. நிரூபணம் ஒன்றைச் சொல்லி, வேதவசனத்தின் நேர்ப்பொருள் வேறொன்றைச் சொல்வதுபோல் தெரிந்தால், வசனத்துக்கு உட்பொருள் காண வேண்டும். இதுவரை படித்தால் நவீன மனிதரின் குரல் மாதிரியே இருக்கிறது.

அடுத்த படியில்தான் சிக்கல். மக்களை அவர் மூன்று வகையாகப் பிரிக்கிறார். நிரூபணத்தால் தெளிபவர்கள் மிகச் சிலர். விவாதத்தால் ஏற்பவர்கள் இன்னும் சிலர். சொல்வன்மையால் நம்புகிறவர்களே பெரும்பான்மை. உட்பொருள் விளக்கம் முதல் வகையினருக்கு மட்டும் உரியது; அதைப் பொதுமக்களிடம் பரப்புவது அவர்களை இறைமறுப்பில் தள்ளும் குற்றம். தகுதியில்லாதவர் கையில் இப்படிப்பட்ட நூல்கள் போகாமல் ஆட்சியாளர்கள் தடுக்க வேண்டும் என்றே எழுதுகிறார். கஸ்ஸாலி மீது அவருக்குள்ள முக்கியமான கோபம், நுட்பமான விஷயங்களைத் தெருவுக்குக் கொண்டுவந்துவிட்டார் என்பது.

நவீன மதச்சார்பற்ற அரசியல் எதன் மேல் நிற்கிறது? பொது விஷயத்தில் காரணம் கேட்கவும் சொல்லவும் எல்லோருக்கும் சம உரிமை உண்டு என்பதன் மேல். அந்த இடத்தில் இப்னு ருஷ்த் மறுபக்கம் நிற்கிறார். முதல் கேள்விக்கு அவர் தந்த பதில் எவ்வளவு துணிச்சலானதோ, மூன்றாவதற்கு அவர் தந்த பதில் அவ்வளவு இறுக்கமானது. அதே இறுக்கம் அவர் மீதே திரும்பியதுதான் துயரம். 1195-ல் அவர் குர்துபாவுக்கு அருகிலுள்ள லூசேனாவுக்கு வெளியேற்றப்பட்டார், நூல்கள் எரிக்கப்பட்டன. பிறகு மன்னிக்கப்பட்டு, 1198-ல் மர்ரகேஷில் இறந்தார்.

இரண்டாவது கேள்வி: 833-ல் பக்தாதில் நடந்தது

அதிகாரம் பற்றிய கேள்விக்கு ஆரம்பகாலத்திலேயே ஒரு பெரிய சோதனை நடந்தது. கிரேக்க நூல்களின் மொழிபெயர்ப்பை ஆதரித்த கலீஃபா மாமூன், 833-ல் ஓர் ஆணை பிறப்பித்தார். குர்ஆன் என்றும் இருந்ததல்ல, இறைவனால் படைக்கப்பட்டது என்ற கொள்கையை காழிகளும் அறிஞர்களும் ஏற்றே ஆக வேண்டும். முஃதஸிலாக்கள் தர்க்கத்தால் ஆதரித்த கொள்கை அது. மிஹ்னா எனப்படும் இந்த விசாரணையில் அஹ்மத் இப்னு ஹன்பல் இணங்க மறுத்துச் சிறைப்பட்டார். அடுத்த கலீஃபா காலத்தில் கசையடியும் பட்டார். சுமார் பதினைந்து ஆண்டுகள் கழித்து கலீஃபா முதவக்கில் இதைக் கைவிட்டார்.

தோற்றது பகுத்தறிவு என்று இதை வாசிப்பது வழக்கம். எனக்கு இதில் பெரிதாகத் தெரிவது வேறு: தோற்றது, நம்பிக்கையை வரையறுக்கும் அரசு அதிகாரம். அதன்பின் சுன்னி உலகில் கோட்பாட்டைச் சொல்லும் பொறுப்பு உலமாக்கள் எனப்படும் மார்க்க அறிஞர்களிடம் நின்றது. படையும் வரியும் நிர்வாகமும் ஆட்சியாளரிடம் இருந்தன. சட்டமும் பெரும்பாலும் அரண்மனையில் உருவாகவில்லை. ஹனஃபி, மாலிகி, ஷாஃபி, ஹன்பலி என்ற சட்டப் பள்ளிகளின் அறிஞர்கள் தலைமுறை தலைமுறையாக விவாதித்து வளர்த்தது அது. இதை மதச்சார்பின்மை என்று அழைக்க முடியாது. ஆனால் மதமும் அரசும் ஒரே கையில் இருந்தன என்று சொல்வதும் பொருந்தாது.

ஐரோப்பா வழியாகத் திரும்பி வந்த இப்னு ருஷ்த்

இப்னு ருஷ்தின் அரிஸ்டாட்டில் உரைகள் லத்தீனில் போய், பாரிஸ் பல்கலைக்கழகத்தைக் கலக்கின. 1270-ல் கிறிஸ்தவ இறையியலாளர் தாமஸ் அக்வினாஸ், இப்னு ருஷ்தின் அறிவுக் கோட்பாட்டைப் பின்பற்றியவர்களை மறுத்து எழுதினார். 1277-ல் பாரிஸ் ஆயர் 219 கூற்றுகளைத் தடை செய்தார். அதில் இந்தக் குழுவினரின் கருத்துகளும் அடக்கம். மெய்யியலுக்கு ஓர் உண்மை, மதத்துக்கு வேறு உண்மை என்ற இரட்டை உண்மைக் கோட்பாடு அப்போது அவர் பெயரோடு ஒட்டிக்கொண்டது. உண்மை ஒன்றே என்று வாதாடியவர் தலையில் நேர் எதிரான கொள்கை!

1852-ல் பிரெஞ்சு அறிஞர் எர்னெஸ்ட் ரெனான் அவரைப் பற்றி ஒரு நூல் எழுதி, மதத்துக்கு அடங்காத சிந்தனையாளர் என்ற சித்திரத்தைப் பரப்பினார். அதே ரெனான் 1883-ல் பாரிஸின் சார்போன் பல்கலைக்கழகத்தில் பேசியபோது, இஸ்லாம் அறிவியலுக்குப் பகை என்றார். முஸ்லிம் சீர்திருத்தவாதி ஜமாலுத்தீன் ஆப்கானி பாரிஸ் நாளிதழ் ஒன்றில் பதில் எழுதினார். மதங்கள் எல்லாமே தத்தம் வழியில் சகிப்பில்லாதவைதான், கிறிஸ்தவச் சமூகம் அதைக் கடந்து வர எவ்வளவு காலம் எடுத்துக்கொண்டது என்று பாருங்கள், முஸ்லிம்களுக்கும் அந்த வழி மூடியில்லை என்பது அதன் சாரம்.

உண்மையான மோதல் எகிப்தில் நடந்தது. இன்றைய லெபனானின் திரிபோலியில் பிறந்த கிறிஸ்தவர் ஃபரஹ் அந்தூன், அலெக்சாண்டிரியாவில் நடத்திய 'அல்-ஜாமிஆ' இதழில் 1902-ல் இப்னு ருஷ்த் பற்றி எழுதினார். இஸ்லாத்தில் ஆன்மிக அதிகாரமும் உலக அதிகாரமும் கலீஃபாவிடம் சேர்ந்திருந்ததால் அறிவுக்கு நெருக்கடி அதிகம் என்றார். இரண்டையும் பிரித்தால்தான், மதம் எதுவானாலும் குடிமக்கள் சமம் என்ற நிலை வரும் என்பது அவர் கோரிக்கை. உஸ்மானியப் பேரரசில் சிறுபான்மையினராகப் பிறந்த ஒருவருக்கு அது வாழ்வுப் பிரச்சினை.

அப்போது எகிப்தின் முஃப்தியாக (மார்க்கத் தீர்ப்பு சொல்லும் தலைமை அறிஞராக) இருந்த முஹம்மத் அப்துஹு, 'அல்-மனார்' இதழில் பதில் எழுதினார். கொஞ்சம் பொறுமையாகப் படித்தால் வியப்பாக இருக்கும். இஸ்லாத்தில் மத அதிகார பீடம் என்று ஒன்று இல்லை. முஃப்திக்கோ காழிக்கோ ஷெய்குல் இஸ்லாம் என்ற உஸ்மானியத் தலைமை முஃப்திக்கோ ஒருவருடைய நம்பிக்கை மீது ஆட்சி கிடையாது. ஆட்சியாளர் எல்லா வகையிலும் குடிமை சார்ந்தவர், மக்கள் அவரை நீக்கலாம். அறிவும் வசனத்தின் வெளிப்பொருளும் முரண்படுவதுபோல் தெரிந்தால் அறிவு முன்னிற்கும். சரி, அப்படியானால் அந்தூனோடு என்ன சண்டை? அப்துஹு மறுத்தது பிரிவினையை. பிரிக்க வேண்டிய திருச்சபையே இங்கு இல்லையே என்பது அவர் நிலை. அந்தூன் கேட்டது மூன்றாவது கேள்வி; அப்துஹு தந்தது முதலிரண்டுக்கான பதில். திருச்சபை இல்லாவிட்டாலும், முஸ்லிம் அல்லாத குடிமகன் சட்டத்தின் முன் யார் என்ற கேள்வி அப்படியே நின்றது. இன்றுவரை பல விவாதங்கள் இதே தடத்தில்தான் ஒன்றையொன்று தவறவிடுகின்றன.

1925: ஒரு காழியின் புத்தகம்

துருக்கி 1924 மார்ச் 3 அன்று கிலாஃபத்தை, அதாவது கலீஃபா பதவியை, ஒழித்தது. அடுத்த ஆண்டு எகிப்தில், கெய்ரோவின் அல்-அஸ்ஹர் மார்க்கக் கல்விக்கூடத்தில் படித்த ஷரீஅத் நீதிமன்ற நீதிபதி அலி அப்துர் ராஸிக், 'இஸ்லாமும் ஆட்சியின் அடிப்படைகளும்' என்ற பொருள்படும் நூலை வெளியிட்டார். கிலாஃபத்துக்குக் குர்ஆனில் ஆதாரம் இல்லை, நபியின் பணி மார்க்கப் பணியே, எப்படிப்பட்ட ஆட்சி வேண்டும் என்பதை மனிதர்கள் தங்கள் அறிவாலும் அனுபவத்தாலும் முடிவு செய்துகொள்ள மார்க்கம் விட்டிருக்கிறது என்பவை அவர் வாதங்கள். அவர் ஆதாரம் காட்டியது ஐரோப்பிய மெய்யியலை மட்டும் வைத்து அல்ல; வசனங்களையும் நபிமொழிகளையும் ஃபிக்ஹ் முறைப்படி அலசியே எழுதினார். அல்-அஸ்ஹரின் மூத்த உலமா அவை அவரை உலமா வரிசையிலிருந்தே நீக்கியது. நீதிபதிப் பதவியும் போனது. மன்னர் ஃபுஆதுக்குத் தானே கலீஃபா ஆகும் ஆசை இருந்ததால் அரண்மனையும் அவருக்கு எதிராக நின்றது. ஆக, இந்த வழக்கில் மார்க்கத் தீர்ப்பையும் அரசியல் கணக்கையும் பிரித்துப் பார்ப்பது கடினம்.

அதே ஆண்டுகளில் கவிஞரும் மெய்யியலாளருமான முஹம்மத் இக்பால் வேறொரு வழியில் போனார். சென்னை முஸ்லிம்களின் அழைப்பில் 1929-ல் இங்கு வந்து ஆற்றிய சொற்பொழிவுகள், ஹைதராபாத், அலிகர் உரைகளோடு சேர்ந்து 1930-ல் நூலாயின. கிலாஃபத்தைத் தேர்ந்தெடுக்கப்பட்ட ஒரு சபையிடம் ஒப்படைக்கலாம் என்ற துருக்கியரின் முடிவை, இஜ்திஹாத் என்னும் சுயாய்வு உரிமையாக அந்நூலில் ஆதரிக்கிறார். ஆனால் ஆன்மிகத்தையும் உலகியலையும் இரண்டு தனி வட்டங்களாகப் பிரிப்பதை ஏற்கவில்லை. ஜனநாயகம் வேண்டும், மதச்சார்பின்மை வேண்டாம் என்ற நிலைப்பாட்டின் தெளிவான தொடக்கங்களில் ஒன்று அது.

மூன்றாவது கேள்வி: அரசு மாறிவிட்டது

செய்திகளைப் புரிந்துகொள்ள அதிகம் உதவுவது இந்தப் பகுதி. 1869 முதல் 1876 வரை உஸ்மானிய அரசு, ஹனஃபி ஃபிக்ஹின் ஒரு பகுதியை 'மஜல்லா' என்ற பெயரில் எண்ணிட்ட சட்டப் பிரிவுகளாகத் தொகுத்தது. பார்க்கச் சாதாரண நிர்வாக வேலை. விளைவு பெரிது. அதுவரை அறிஞர்களிடையே பல கருத்துகளாக உயிரோடு இருந்த ஒன்று, அரசு தேர்ந்தெடுத்த ஒரே கருத்தாக, அரசின் சட்டமாக ஆனது. மிஹ்னாவில் கலீஃபா இழந்ததை நவீன அரசு காகிதம், காவல்துறை, நீதிமன்றம் வழியாகத் திரும்பப் பெற்றுக்கொண்டது. விளைவுகள்:

1. சூடானில் நிமேரி அரசு 1983-ல் ஷரீஅத் சட்டங்களைக் கொண்டுவந்தது. அதை எதிர்த்த இஸ்லாமியச் சிந்தனையாளர் மஹ்மூத் முஹம்மத் தாஹா 1985 ஜனவரியில், மதம் மாறியவர் என்ற குற்றச்சாட்டில் தூக்கிலிடப்பட்டார்.

2. எகிப்தில் குர்ஆன் ஆய்வாளர் நஸ்ர் ஹாமித் அபூ ஸைத், 1995-ல் மேல்முறையீட்டு நீதிமன்றத்தால் மார்க்கத்தை விட்டு வெளியேறியவர் என அறிவிக்கப்பட்டார். திருமணம் செல்லாது, மனைவியைப் பிரிய வேண்டும் என்று தீர்ப்பு. இருவரும் நெதர்லாந்துக்குப் போக நேர்ந்தது. தான் முஸ்லிம் என்று அவர் சொல்லிக்கொண்டே இருந்தார். நீதிமன்றத்துக்கு அது போதவில்லை.

3. மதச்சார்பற்ற அரசுகளும் இதிலிருந்து தப்பவில்லை. துருக்கி கிலாஃபத்தை ஒழித்த அதே நாளில் மத விவகாரத் துறையை நிறுவியது. பள்ளிவாசல்களும் இமாம்களும் அதன் கீழ் வந்தன. பிரான்ஸ் 2004-ல் அரசுப் பள்ளிகளில் பளிச்சென்று தெரியும் மதச் சின்னங்களைத் தடுத்தபோது, எந்த உடை மதச் சின்னம், எது இல்லை என்று தீர்மானிக்கும் வேலை அரசு தலையில் விழுந்தது.

மெய்யியல் படித்தவர்கள் ஆட்சிக்கு வந்தால் இது மாறிவிடாது என்பதற்கு ஈரான் சான்று. ஆயதுல்லா கொமேனி, கும் நகரில் முல்லா சத்ராவின் மெய்யியலைப் பாடம் நடத்தியவர். ஆட்சியின் மேல் ஃபிக்ஹ் அறிஞரே காப்பாளராக இருக்க வேண்டும் என்ற சட்ட அறிஞரின் காப்பாட்சிக் கோட்பாட்டை முன்வைத்தவரும் அவரே; 1979-ல் அது அரசமைப்பில் ஏறியது. அவரிடம் மெய்யியல் பயின்ற மெஹ்தி ஹாயிரி யஸ்தி, பின்பு கனடாவில் நவீன பகுப்பாய்வு மெய்யியலும் படித்து, 1990-களில் தன் ஆசிரியரின் கோட்பாட்டை அதன் சொந்தச் சொற்களாலேயே மறுத்தார். ஃபிக்ஹில் காப்பாளர் என்பவர் சிறுவருக்கும் மனநலம் குன்றியவருக்கும் உரியவர். மக்கள் முழுவதும் காப்பில் இருப்பவர்கள் என்றால், அவர்களிடம் வாக்கெடுப்பு நடத்துவதற்கு என்ன பொருள்? குடியரசு என்பதும் காப்பாட்சி என்பதும் ஒன்றையொன்று வெட்டுகின்றன. நாட்டில் வாழ்பவர்கள் அதன் கூட்டு உரிமையாளர்கள், ஆட்சியாளர் அவர்கள் அமர்த்திய முகவர், அமர்த்தியவர்கள் அவரை நீக்கலாம் என்பது அவர் தரும் மாற்று. சொத்துரிமை, முகவர் இரண்டுமே பழைய ஃபிக்ஹ் கருத்துகள். இந்த வாதம் இன்னும் பரவலாகப் பேசப்பட வேண்டும் என்று நான் உறுதியாக நினைக்கிறேன்.

இன்றைய வாதம் நிற்கும் இடம்

தூக்கிலிடப்பட்ட தாஹாவின் மாணவரான சட்ட அறிஞர் அப்துல்லாஹி அந்நயீம் 2008-ல் ஒரு வாதத்தைக் கட்டினார். மார்க்கக் கடமை, மனமுவந்து செய்தால்தான் கடமை. அரசு அமல்படுத்திய கணமே அது அரசின் சட்டம், ஷரீஅத் அல்ல. எனவே முஸ்லிமாக வாழ்வதற்கே தனக்கு மதச்சார்பற்ற அரசு தேவை என்கிறார். அதோடு அரசையும் அரசியலையும் அவர் பிரிக்கிறார். அரசு நடுநிலையாக இருக்க வேண்டும். அரசியலில் முஸ்லிம்கள் தங்கள் மதிப்பீடுகளோடு வரலாம். ஆனால் ஒரு சட்டம் வேண்டும் என்றால், அதற்கான காரணத்தை எந்த மதத்தவரும் எடைபோட்டு ஏற்கவோ மறுக்கவோ முடிகிற மொழியில் சொல்ல வேண்டும். மறுப்பவர் மீது இறைமறுப்புப் பட்டம் விழக் கூடாது.

மொராக்கோ மெய்யியலாளர் தாஹா அப்துர்ரஹ்மான் இந்தத் திசையையே எதிர்க்கிறார். ஒழுக்கத்தின் வேர் மதத்தில் இருக்கிறது. வேரை வெட்டிய நவீனத்துவம் ஒழுக்கத்தைத் தாங்காது என்பது அவர் நிலை. அவருடைய நாட்டவரான ஆபித் அல்-ஜாபிரியோ இப்னு ருஷ்தின் நிரூபண மரபை மீட்கச் சொன்னவர்; ஆனால் அவரும் அரபு உலகுக்கு மதச்சார்பின்மை என்ற முழக்கம் வேண்டாம், ஜனநாயகமும் பகுத்தறிவும் போதும் என்றார்.

அந்நயீமின் திட்டத்தில் இன்னும் தீராத சிக்கல் ஒன்று உண்டு. பொதுமொழியில் காரணம் சொல்லும் சுமை எல்லோர் மேலும் சமமாக விழுவதில்லை. நம்பிக்கையுள்ளவர் தன் காரணத்தை வேறு சொற்களில் மாற்றிச் சொல்ல வேண்டியிருக்கிறது. நம்பிக்கையில்லாதவருக்கு அந்த வேலை இல்லை. ஐரோப்பாவில் ஜெர்மன் மெய்யியலாளர் யூர்கன் ஹாபர்மாஸும் இந்தச் சமமின்மையை ஒப்புக்கொண்டு, நாடாளுமன்றத்துக்கும் நீதிமன்றத்துக்கும் வெளியே நடக்கும் பொது விவாதத்தில் மத மொழியிலேயே பேசலாம், அதைப் பொதுமொழிக்குக் கொண்டுவரும் உழைப்பில் மதமில்லாதவர்களும் பங்கேற்க வேண்டும் என்றார். நாடாளுமன்ற வாசலில் அந்த மொழிமாற்றத்தை யார் செய்வது, அதில் எது விட்டுப்போகும் என்பதில்தான் இரு தரப்பும் இப்போது மோதுகின்றன.